ஒருக்களித்துப் படுக்க வைப்பது

1

ஊரில் கேட்பவர்களிடம் நான் இங்கிலாந்தில் யுனிவர்சிட்டியில் வேலை பார்ப்பதாகத்தான் எங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் என் வேலை பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி வாசலில். தபாலைப் பிரித்து வைப்பேன், சாவி தொலைத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடுவேன், பல்பு மாற்றுவேன். போர்ட்டர் என்று பெயர். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் என்று மேலதிகாரியிடம் ஒருமுறை சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றவர், அடைத்துக்கொண்ட கழிவறைக்கு என்ன ஊற்றினால் சரியாகும் என்று கேட்டார்.

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அப்பா அம்மாக்கள் காரில் கொண்டுவந்து, மெத்தை விரிப்பும் வாணலியும் இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அந்த வாரம் முழுக்க பிள்ளைகள் குடிப்பார்கள். இங்கே ஒளிவு மறைவு கிடையாது. விடுதியின் கீழ்த்தளத்திலேயே விடுதி நடத்தும் பார் இருக்கிறது. நான் வந்த புதிதில் அதை நம்பவே ஒரு மாதம் ஆனது.

அவர்கள் வருவதற்கு முந்தைய வாரம், விடுதி ஊழியர்களுக்கு ஒரு நர்ஸ் வந்து பாடம் எடுப்பார். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனை என்ன செய்வது என்ற பாடம். ஏழு வருடமாக நான் அதற்குப் போனதில்லை. ஒரு வருடம் காய்ச்சல், ஒரு வருடம் பல்வலி, ஒரு வருடம் மகளின் பள்ளிக்கூடம். சென்ற ஆண்டு கையெழுத்துப் போட்டே தீர வேண்டும் என்று காகிதம் வந்துவிட்டது. போனேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க பருத்த பெண்மணி. படுத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தார். நான்தான் ஒல்லி. தரையில் படுத்தேன்.

"இவர் நிறையக் குடித்துவிட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே குடிக்காத ஒரே ஆள் நான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு ஒரு மடித்த கோட்டை வைத்தார். "எல்லோரும் செய்வது இதுதான். நல்லெண்ணத்தில் செய்வார்கள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போவார்கள். வாந்தி வந்தால் வெளியே போக வழி கிடையாது. மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சத்தமே கேட்காது."

பிறகு என் ஒரு கையை நீட்டி, மறு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஒரே இழுப்பில் என்னைப் பக்கவாட்டில் புரட்டினார். "இப்படி ஒருக்களித்து வையுங்கள். குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள், அது ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தலையில் தண்ணீர் கொட்டாதீர்கள். எழுப்பி எழுந்திருக்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை பக்கத்தில் இருங்கள். கூப்பிட்டதற்காக யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்."

அவ்வளவுதான் பாடம். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

"நீங்கள் எழுந்திருக்கலாம்" என்றார். என்னால் முடியவில்லை. கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. ஜாபர் நிஜமாகவே தூங்கிவிட்டார் என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. அந்த அம்மாள் செய்யாதே என்று சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஒருவனுக்குச் செய்திருக்கிறேன். ஒன்றுகூட மிச்சமில்லை.

2

அவன் பெயர் செங்கோட்டுவேல். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். கடலையும் பருத்தியும் போடுகிற குடும்பம். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். நான் சேலத்துக்காரன். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கடைவீதியில் லாரித் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை. வீட்டிலிருந்து சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வருவேன். மூன்று வருடமும் ஆய்வகத்தில் அவனும் நானும் ஒரே மேஜை.

ரமலான் மாதத்தில் நான் நோன்பு வைத்திருந்தால், மத்தியான ஆய்வக வேளையில் அவனும் தண்ணீர் குடிக்க மாட்டான். "நீ பாத்துட்டு இருக்க நான் மடக்கு மடக்குன்னு குடிக்கறதாடா?" என்பான். அப்படிப்பட்டவன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். குடித்தவன் என்று தெரிந்தால் போலீஸ், கல்லூரியை விட்டு நீக்கம், ஊரில் தலைகுனிவு. ஆனால் மலையடிவாரத்தில் சாராயம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கடைசிப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை முடிந்தது. மெத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை என்ன என்று ஒரு கேள்வி. நானும் அவனும் சரியாக எழுதியிருந்தோம். மறுநாள் காலை, அவனிடம் இருந்த என் லாக் அட்டவணைப் புத்தகத்தை வாங்கிக்கொள்ள விடுதிக்குப் போனேன். பாதி அறைகள் காலி. அவன் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் தங்கராசு திறந்தான். அவனும் எங்கள் வகுப்புதான், அதே அறையில் தங்கியிருந்த திருச்செங்கோட்டுப் பையன். தரையில் ஒரு ஊறுகாய் ஜாடி. அதில் தண்ணீர் மாதிரி ஏதோ.

"வாடா ஜாபரு, நல்ல நேரத்துக்குத்தான் வந்த" என்றான் செங்கோட்டுவேல். "நீ குடிக்க வேண்டாம். சும்மா உக்காந்து எங்களப் பாரு. ஒரு நாளாச்சும் என்னதான் இருக்குதுன்னு பாத்துப்புடறோம்."

அவனுக்கு அதுதான் முதல் தடவை. மணி பத்து. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாசம் பிடிக்காமல் முகத்தைச் சுளித்தான். "கசாயம் மாதிரி ஒரே மூச்சுல முடிச்சிரலாம்" என்று டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டான். தங்கராசு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். நான் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். செங்கோட்டுவேல் வார்டனைப் போல நடந்து காட்டினான்.

பதினொன்றரைக்கு அவனுக்கு நாக்கு குழறியது. தங்கராசு பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"எனக்கு பன்னண்டு மணி பஸ்ஸுடா. நீதான் தெளிவா இருக்கற. அவனப் பாத்துக்க."

"நீ போ. நான் இருக்கறேன்" என்றேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் செங்கோட்டுவேல் என் சட்டையில் வாந்தி எடுத்தான். கட்டில் காலைப் பிடித்தபடியே தரைக்குச் சரிந்து, ஒருபக்கமாகச் சுருண்டு, சிமெண்டில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான். ஆளில்லாத மெஸ்ஸிலிருந்து மோர் எடுத்துவந்து வாயில் ஊற்றினேன். பாதி வழிந்தது. தலையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. தரையில் கிடக்கிறானே என்று மனசு கேட்காமல், அக்குளில் கை கொடுத்துக் கட்டிலில் தூக்கிப் போட்டேன். சுருண்டிருந்த காலை நீட்டி, மல்லாக்கப் படுக்க வைத்து, தலையணையை மடித்துத் தலைக்குக் கொடுத்தேன். குறட்டை வந்தது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரி கால்மணி நேர தூரம்கூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் வார்டன் வீடு. சாய்வு நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் யோசித்தது வேறு. என் சட்டையில் சாராய வாடை. இதோடு போலீஸிடம் நின்றால் நான் குடிக்கவில்லை என்று யார் நம்புவார்கள்? அத்தா என்ன ஆவார்?

ஒரு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு அத்தாவோடு போக வேண்டும். கதவைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் நுழைந்து, குளித்து, சட்டையை நானே அலசிப் போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கடைக்குப் போனேன். சங்ககிரி லாரிக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தபோது அத்தா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா, எங்கயோ போகணும்னு இருக்கியா? போறதுன்னா போ. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் அவசரமில்ல அத்தா" என்றேன்.

ஆறு மணிக்கு விடுதிச் சமையல்காரர் அவனைப் பார்த்திருக்கிறார். நான் ஆறரைக்குப் போனபோது கூட்டம் நின்றது.

"நீ எப்ப வந்த?" என்று வார்டன் கேட்டார்.

"இப்பத்தான் சார்."

அவர் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், "இவன் பாய் வீட்டுப் பையன். இதுக்கெல்லாம் பக்கத்துலயே வரமாட்டான்" என்றார். போலீஸ்காரர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

தங்கராசுவை மறுநாள் வீட்டிலிருந்து இழுத்துப்போனார்கள். அடித்தார்கள். கல்லூரி அவனுக்குச் சான்றிதழ் தரவில்லை. அவன் குடித்ததும் அதே சாராயம்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. செங்கோட்டுவேலைக் கொன்றது ஜாடியில் இருந்தது மட்டும் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அறையில் கடைசியாக இருந்தது யார் என்றும் தெரியும். கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை.

எழவு வீட்டில் செங்கோட்டுவேலின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ கூட இருந்திருந்தீன்னா எம்பையனக் காப்பாத்தியிருப்ப சாமி. நீ இல்லாமப் போயிட்டியே" என்று அழுதார். நானும் அழுதேன்.

3

என் அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்து இங்கிலாந்தில் தங்கிவிட்டவர். அவர் மகளைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்தேன். வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கடைவீதியிலிருந்து அந்தக் கல்லூரிச் சாலை தெரியும் என்பதுதான் உண்மையான காரணம்.

குடியேற நிரப்பிய படிவத்தில், எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்று ஒரு கேள்வி. பேனா அங்கேயே நின்றது. நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியிருக்கிறாயா என்றுதான் கேட்கிறார்கள் என்று மனைவி விளக்கினாள். 'இல்லை' என்று எழுதினேன்.

மகளுக்கு எட்டு வயது. தமிழ் வராது. "சாப்பாடு", "தண்ணி", "அத்தா" இந்த மூன்றோடு நிற்கிறது. தாய்க்கே ஆங்கிலம்தான் முதலில் வரும் என்பதால் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. நர்ஸ் பாடம் நடந்த நாள் சாயங்காலம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் தமிழில் ஆரம்பித்தேன். மோர், தலையணை, வார்டன் வீட்டு ஜன்னல், அத்தா கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும். அவள் வண்ணம் தீட்டியபடியே தலையாட்டினாள். முடிந்ததும், "ஓகே அத்தா" என்றாள்.

பல வருடத்தில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்ற தைரியத்தில். அவள் தமிழை இழந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது என்று நினைத்தபோது, என்மீதே அருவருப்பாக இருந்தது.

4

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு முதலாமாண்டுப் பையன் கிடந்தான். பந்தயத்தில் ஜெயித்த கொண்டாட்டம். நண்பர்கள் அடுத்த பாருக்குப் போய்விட்டார்கள். இவனைப் படியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள், சரிந்து மல்லாந்துவிட்டான். குறட்டை கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு முழங்காலிட்டு, கையை நீட்டி, முழங்காலை மடக்கிப் புரட்டினேன். புரட்டிய மறுநிமிடம் வாந்தி வந்தது. வெளியே, படியில், என் பூட்ஸில் கொட்டியது.

போனில் ஆம்புலன்ஸ்காரி, "அவன் உங்களுக்குப் பதில் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். நம் பேச்சில் அது சரி: ஆமாம், சொல்லவில்லை. இவர்கள் வழக்கப்படி 'ஆமாம்' என்றால் பதில் சொல்கிறான் என்று அர்த்தம். "அப்படியானால் அவசரம் இல்லையே" என்றாள். "இல்லை, இல்லை, அவன் பேசவில்லை! எழுப்ப முடியவில்லை!" என்று கத்தினேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும், ஒரு உயிரை அந்த 'ஆமாம்' கொன்றிருக்கும்.

நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அவன் தலை திரும்பாமல் பிடித்துக்கொண்டேன், மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு வண்டி வந்தது. சம்பவப் படிவம் நான்கு பக்கம் நிரப்பச் சொன்னார்கள். 'நீங்கள் எவ்வளவு நேரம் உடன் இருந்தீர்கள்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

அடுத்த வாரம் பையனும் அவன் அம்மாவும் கேக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "நீங்கள் அவன்கூட இருந்தீர்கள்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பையன் கூச்சத்தில் தரையைப் பார்த்தபடி நின்றான். காதோரம் சிவந்திருந்தது. உயிரோடு இருந்தான்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அன்றைக்கு உள்ளே ஏதோ ஒன்று முற்றாக இடிந்தது. இத்தனை வருடமும், நான் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இனி அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. எவ்வளவு சுலபம் என்று தெரிந்துவிட்டது. பூட்ஸைக் கழுவினால் போதும், அவ்வளவு சுலபம்.

5

போன மாதம் ஊருக்குப் போனேன். விசா படிவம், விடுப்பு விண்ணப்பம், இரண்டிலும் 'பயணத்தின் நோக்கம்' கேட்டார்கள். உறவினரைப் பார்க்க என்று எழுதினேன். சேலத்தில் இறங்கி இரண்டாம் நாளே சங்ககிரிப் பக்கம் பஸ் ஏறிவிட்டேன்.

செங்கோட்டுவேலின் அப்பா இறந்து சில வருடம் ஆகிறதாம். அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"சாபரா? சீமைக்குப் போயிட்டீன்னு சொன்னாங்க. வா சாமி, ஊட்டுக்குள்ள வா. வெயில்ல நிக்காத."

காபி கொடுத்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அவரே பேச்சை அங்கே கொண்டுவந்தார்.

"அந்தத் தங்கராசு ரிக்கு லாரியில வடக்க எங்கயோ போர் கெணறு தோண்டப் போறானாம். எங்க போனா என்ன, எம்பையனக் கொன்ன பாவம் அவன உடாது."

"அம்மா, தங்கராசு மேல தப்பு இல்லைங்கம்மா" என்றேன். "நான் அங்க இருந்தேனுங்க."

அவர் கை நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கடலைக்காயை உடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மோரையும் தலையணையையும் வார்டனையும் தார்ப்பாயையும். அழுதேன், காலைத் தொட்டேன். திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதில் எது நடந்தாலும் எனக்குப் போதும் என்றிருந்தேன்.

"நீ கெளம்பறப்ப மணி என்ன சாமி?" என்றார்.

"ஒரு மணிக்குக் காமணி நேரம் இருந்துச்சுங்கம்மா."

"அப்ப உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. குறட்டை கேட்டுச்சுங்க."

இப்போதுதான் கை நின்றது.

"காலையிலயே போயிருச்சுன்னுதானே அந்த வார்டன் சொன்னாரு? குடிச்ச ஒடனே போயிருச்சு, கஷ்டப்படலைன்னாரே?"

எனக்கு அது தெரியாது. ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பார் போல.

"அன்னைக்கு நான் சேலத்துலதான் இருந்தேன் சாமி" என்றார். குரல் மாறவே இல்லை. "பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு எளம்பிள்ளை ஊருல சேலை எடுத்துட்டு, ஒரு மணிக்குச் சேலத்து பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குனோம். கட்டுச்சோத்தப் பிரிச்சு வெச்சுட்டு அவங்கய்யனக் கேட்டேன், பையன ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தரலாமான்னு. பரிச்ச முடிஞ்சு அசந்து தூங்குவான், நாளைக்கு ஊட்டுக்கு வாரவன எதுக்குப் போயி எழுப்பறதுன்னாரு. ரெண்டரை பஸ்ஸுக்கு ஏறிட்டோம்."

முறத்தில் இருந்த தொலியைக் கையால் ஒதுக்கினார்.

"காலையிலயே போயிட்டான், நாம போயிருந்தாலும் பொணத்தத்தான் பாத்திருப்போம்னு இத்தன வருசம் மனசத் தேத்திட்டு இருந்தேன்."

நான் இறக்கி வைக்க வந்தது எங்கே போய் இறங்கியது என்று அந்த முகத்தில் தெரிந்தது. என்னைத் திட்டவில்லை. என்னைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை. கண் வேறெங்கோ இருந்தது.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து அவன் ஆஸ்டலுக்கு நடந்தா எத்தன நேரமாகும் சாமி?"

எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் அவனோடு எத்தனையோ முறை நடந்திருக்கிறேன்.

"இருவது நிமிஷங்கம்மா" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அந்த ஓர் இடத்திலாவது பொய் சொல்லியிருக்கலாம்.